வாழைப்பழ வள்ளல்கள்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது வால்பாறை மலைக்கும் போய் வந்தேன். புதுத்தோட்டம் அருகே சாலையோரம் ஒரு கார் நின்றது. உள்ளிருந்த அம்மையார் ஒரு வாழைப்பழத்தை வீசினார். கரிய உடலும், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரியும் கொண்ட மந்தியொன்று, குட்டியை வயிற்றோடு அணைத்தபடி நடுச்சாலைக்கு ஓடி வந்தது. எதிரே பேருந்து! நல்ல வேளை, ஓட்டுநர் பிரேக் போட்டார். அம்மையாரோ புண்ணியம் தேடிக்கொண்ட மகிழ்ச்சியில் புறப்பட்டுவிட்டார்.

அன்பர்களே, அது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் அந்த இனம் இல்லை. மொத்தமே நாலாயிரத்துக்கும் குறைவு என்பது அறிஞர் கணக்கு. வெடிப்பலாவும் அத்தியும் தின்று, மர உச்சியிலேயே காலம் கழிக்கும் பிராணி ஏன் தரைக்கு இறங்கிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலைக்கும் காப்பிக்குமாகச் சோலைகள் வெட்டப்பட்டன. எஞ்சியவை தீவுகளாயின. புதுத்தோட்டத்துக் காடு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கிளைவழி அறுந்தது, குரங்கு தரைவழி வந்தது. ஆண் குரங்குகள் வேறு கூட்டம் தேடிப் போக வழியில்லாவிட்டால், நாளடைவில் இனமே நலிந்துவிடும்.

“மனிதன் பிழைக்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். தேயிலை கிள்ளும் கைகள் நம் மக்களின் கைகளே. கூரையைப் பிரித்து அரிசியைச் சூறையாடும் குரங்கால் அவதிப்படுவோரும் அவர்களே. அந்தத் திருட்டைக் கற்றுக் கொடுத்தது யார்? நாம் வீசிய பழமும், மூடாத குப்பைத் தொட்டியும் அல்லவா?

தோட்டங்களை அழிக்கச் சொல்லவில்லை. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலத்தில் குரங்குகள் கடந்து போவதை அங்கேயே கண்டேன். நிழலுக்கு நாட்டு மரங்களை நடலாம். வண்டியை மெல்ல ஓட்டலாம். மக்கள் குரல் வீண்போகாது என்பதற்குக் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கே சான்று. குந்திப்புழையில் எழவிருந்த அணைத் திட்டம் 1983இல் கைவிடப்பட்டது; 1984இல் அக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று.

நம் விடுதி மாடியிலும் குரங்குக்கு ரொட்டி வீசும் நண்பர்கள் உண்டு. மறுநாள் அது அறைக்குள் நுழைந்தால் கல்லெடுப்பவர்களும் அவர்களே! இந்த வள்ளன்மையை இன்றோடு விட்டுவிடுவோம். குரங்குக்கு நாம் தர வேண்டியது பழமன்று, பழம் தரும் மரம்.