பொத்தான் சக்கரம்

சென்ற மாதம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவருடைய அலமாரியில் சிற்றிதழ்க் கட்டுகளுக்கு முன்னால் உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக வேன் ஒன்று நின்றிருந்தது. வண்ணம் ஏறத்தாழ முழுவதும் உதிர்ந்துவிட்டது. பின்சக்கரங்களில் ஒன்று சட்டைப் பொத்தான்; அச்சுக்கம்பியில் நூல் சுற்றி நிறுத்தியது. சிறுவயதில் அவருடைய அண்ணன் செய்த வேலை. அண்ணன் இன்று இல்லை.

சென்னையிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர், வண்ணமடித்து வேறு சக்கரம் மாட்டினால் நல்ல விலை போகும், இப்படியே விட்டால் உதிரிபாக விலைதான் என்று சொல்லிப் போயிருக்கிறார். செய்யலாமா என்று நண்பர் கேட்டார். நானும் இருபது வருடமாக டை-காஸ்ட் கார்கள் சேர்ப்பவன்.

கவிழ்த்து அடித்தகட்டைப் பார்த்தேன். நிக்கி டாய்ஸ். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் வார்த்த டிங்கி கார்களின் பழைய அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. டிங்கி என்ற பெயரை அழித்துவிட்டு, அதே அச்சுகளில் இங்கே வார்த்தவைதான் நிக்கி. இந்த வேனுக்கு ஆங்கிலப் பெயர் அட்லஸ்; கல்கத்தாவில் அது ஸ்டாண்டர்ட் 20 ஆயிற்று. காரணம், அசல் வேனை அந்தப் பெயரில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்து வந்தது. இங்கிலாந்து அச்சில், வங்காளத்துக் கைகள் வார்த்த சென்னை வண்டி!

சேகரிப்பாளர்களின் விலைக் கையேடுகளில் நிக்கிக்குப் பெரிய மரியாதை இல்லை. வார்ப்பு தடிமன், வண்ணம் மட்டம் என்பார்கள். அது பொய்யல்ல. தேய்ந்த அச்சில் அப்படித்தான் வரும். எனக்கு உறுத்துவது வேறு. அட்டைப்பெட்டியோடு, ஒரு கீறலும் இல்லாமல் இருப்பதற்கே உச்சவிலை. அதாவது எந்தக் குழந்தையும் தொடாத பொம்மையே சிறந்த பொம்மை. கத்தரிக்கப்படாத பக்கங்களோடு இருக்கும் புத்தகத்தை நல்ல நூல் என்று எந்த வாசகனும் சொல்லமாட்டான். (என்னிடமும் பிரிக்காத பெட்டிகள் பதினேழு இருக்கின்றன. அதை மறைப்பானேன்.)

வண்ணமடித்தால் உலோகம் காக்கப்படும் என்றொரு வாதம் உண்டு. இவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கலவையில் ஈயம் போன்ற மாசு சற்றுக் கூடிவிட்டால் உள்ளிருந்தே விரிசல் கண்டு பொடிந்துபோகும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல, யாரும் விளையாடாமல் பெட்டிக்குள் இருந்தபடியே அப்படி நொறுங்கியிருக்கின்றன. மேற்பூச்சு அதைத் தடுப்பதில்லை.

பல வருடங்களுக்கு முன் பழைய ஜாகுவார் ஒன்றை நானே சுரண்டிப் புதுவண்ணம் அடித்தேன். பளபளவென்று இருக்கிறது. யாருடைய காராக இருந்தது என்பதற்கான தடயம் மட்டும் போய்விட்டது. அதனால்தான் நண்பரிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். சிறந்த நிலை, நல்ல நிலை என்று நாம் வைத்திருக்கும் தரவரிசையில், ஒரு பையன் சக்கரம் இல்லாமல் தவித்துப் பொத்தானைக் கண்டுபிடித்த மதியவேளைக்கு இடமே இல்லை. இடம் இல்லாதது தரவரிசையின் குறை, வேனின் குறையல்ல.

நண்பர் வேனை அலமாரியிலேயே திரும்ப வைத்தார். பிறகு, பொத்தானைப் பிடித்திருக்கும் நூல் இற்றுப்போயிருக்கிறது, அதையாவது மாற்றலாமா என்று கேட்டார். மலையிறங்கும் வரை யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.