சமமா முடிஞ்ச ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்க வேண்டாம்



பள்ளி விடுமுறையில நம்ம மண்டபத்தில நடக்கப்போற சிறுவர் சதுரங்கப் போட்டியைப் பத்தி ஒரு வார்த்தை. ஆட்டம் சமமா முடிஞ்சா சீட்டுக் குலுக்கி ஒரு பிள்ளையை ஜெயிச்சதா அறிவிச்சிடலாம்னு சில பெற்றோர் கேட்கிறாங்க. அன்னதானத்துக்கு நேரமாகாதாம். தொண்டர்களான எங்களுக்கு இதுல உடன்பாடு இல்லை.

நம்ம ஆலயத்துக்கு வர்ற இரண்டு பெரியவர்கள் அந்தக் காலத்தில அஞ்சலட்டையில சதுரங்கம் ஆடினவங்க. ஒருத்தர் ஈப்போ, இன்னொருத்தர் ஜொகூர். அட்டையில குதிரை, யானைன்னு எழுத மாட்டாங்க, எல்லாம் எண்தான். 5254ன்னு எழுதினா, ராஜாவுக்கு முன்னாடி நிக்கிற சிப்பாய் இரண்டு கட்டம் நகருதுன்னு அர்த்தம். தபால்ல பல நாட்டுக்காரங்க ஆடினதும் இந்த எண் பாஷையிலதான்.

அவங்க ஆடின ஒரு ஆட்டம் ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. கடைசியில ஈப்போக்காரர்கிட்ட ராஜாவும் இரண்டு சிப்பாயும். ஜொகூர்க்காரர்கிட்ட ராஜாவும் ஒரு குதிரையும். அவர் என்ன செஞ்சார் தெரியுமா? அந்தக் குதிரையைப் பலி கொடுத்து நடுவில இருந்த சிப்பாயை வெட்டினார். மிச்சம் ஒரே சிப்பாய், அதுவும் பலகையோட ஓர வரிசையில. இவர் ராஜா நேரா போய் அந்த வரிசையோட மூலைக் கட்டத்தில உட்கார்ந்துடுச்சு. இனி எந்தக் கெட்டிக்காரனாலயும் அதை வெளியேத்த முடியாது. ரொம்ப நெருக்கினா, செக்கும் இல்லாம நகர இடமும் இல்லாம ஆட்டம் சமம்.

இது அதிர்ஷ்டமா? பல அட்டைக்கு முன்னாடியே போட்ட கணக்கு அது. தோற்க வேண்டிய ஆட்டத்தைக் காப்பாத்தின பிள்ளைகிட்ட, "சீட்டு உனக்கு விழல, தோத்துட்டே"ன்னு எந்த முகத்தோட சொல்றது? தொழிற்சாலையில இரண்டு ஷிப்டும் ஒரே அளவு உற்பத்தி காட்டினா காசு சுண்டியா போனஸ் கொடுக்கிறோம்?

திருப்பூவனூர்ல சிவபெருமானே சதுரங்கத்தில ஜெயிச்சாரேன்னு ஒரு அன்பர் கேட்டார். ஜெயிச்சார்தான். ஆடி ஜெயிச்சார், ஐயா, சீட்டு எடுத்து இல்லை.

வழக்கம்போல ஆளுக்கு அரைப் புள்ளி கொடுப்போம். முடிவில புள்ளி சமமா வந்தா, யாரோட எதிராளிகள் மொத்தமா அதிகப் புள்ளி எடுத்திருக்காங்கன்னு கூட்டிப் பார்க்கலாம். பெரிய போட்டிகள்லயும் இந்த முறை உண்டு, பத்து நிமிஷ வேலை.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கமிட்டி இதைப் பேசுது. பெற்றோர்கள் அவசியம் இருந்து கருத்து சொல்லுங்க.