வுட் யூ மைண்ட்?

எங்கள் தூத்துக்குடியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். கப்பல் வேலைக்குப் படிக்கப்போகிறான். போன வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். ‘மாமா, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல என்னைய ஏசுதாங்க. மரியாதையில்லாமப் பேசுதேனாம்.’

அப்படி என்ன பேசிவிட்டான்? ‘ஓபன் தி டோர்’ என்றானாம். ‘வுட் யூ மைண்ட் ஓபனிங் தி டோர்’ என்று வளைத்துச் சொல்ல வேண்டுமாம்.

நல்ல பழக்கம்தான், விருந்துக்குப் போகிற இடத்தில். ஆனால் இவன் போவது கடலுக்கு. துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வருகிறது என்று வையுங்கள். கேப்டன் உக்ரைன்காரர், மேட் பிலிப்பைன்ஸ்காரர், ஏறி வரும் பைலட் நம்ம ஊர்க்காரர். நடுவில் ஆங்கிலம். அது தப்பினால் கப்பல் தரை தட்டும். இதற்காகவே சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கப்பல் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி.

அதில் என்ன வேடிக்கை என்றால், நம் வகுப்புகள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘குட்’ நாலும் தவிர்க்க வேண்டிய சொற்கள்! ‘மே ஐ என்ட்டர்?’ என்றால் அனுமதி கேட்கிறாயா, யோசனை கேட்கிறாயா? அதனால், முதலில் ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிட்டு, எனக்கு அனுமதி உண்டா என்று நேராகக் கேள். நுழையப்போகிறாய் என்றால் ‘இன்டென்ஷன்’ என்று அறிவித்துவிட்டுச் சொல். 150 என்பதைக்கூட ஒன், ஃபைவ், ஸீரோ என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். உயிருக்கே ஆபத்தா? ‘மேடே’, மூன்று தடவை. ப்ளீஸ் எல்லாம் கிடையாது.

வானத்திலும் இதே கதைதான். 1990 ஜனவரியில் கொலம்பியாவின் ஏவியான்கா விமானம் ஒன்று, நியூயார்க்கில் இறங்க இடம் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றியது. விமானிகள் ‘பிரயாரிட்டி’ வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றார்கள். ‘எமர்ஜென்சி’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. விமானம் விழுந்து 73 பேர் செத்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையா பெரிய பிழை?

1961 வரை இதே கடலில் முத்துக் குளித்தார்கள். அடியில் மூச்சு முட்டினால் கயிற்றை ஓர் இழு. தோணியில் கயிறு பிடித்திருப்பவருக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

நாமோ ‘பிரிபோன்’ என்றவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். (அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போயாச்சு, சாமி!) யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்றே சொல்லாத ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ கடிதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் முன்னால் கூச்சப்பட்டு ‘ஸ்லைட் பெயின்’ என்கிறோம். தமிழில் ‘தாங்க முடியலை’ என்று அலறினாலே புரியுமே ஐயா!

‘ரெண்டு மாசத்துக்கு ஃபீஸ் கட்டியாச்சு மாமா’ என்றான் பையன்.

‘திருப்பிக் கேளுலே.’

‘எப்படிக் கேக்கணும்? வுட் யூ மைண்டா?’