புயலில் கதவடைக்கும் வணிகர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, தெல்தெனியாவையும் மெதமகாநுவரையையும் கடந்தபின் வருவது ஹுன்னஸ்கிரியச் சந்தி. அங்கே மிளகும் கராம்பும் வாங்குகின்ற சிறு வியாபாரி ஒருவரிடம், விலை திடீரென்று விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டோம். அவர் சிரித்தார். “குறைத்து வாங்குவேன் ஐயா. வாங்கமாட்டேன் என்று சாக்கைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு இந்த வாசலில் யார் வந்து சாக்கை இறக்குவார்?” என்றார்.

எந்தச் சட்டமும் அவருக்கு இக்கடமையை விதிக்கவில்லை. இக்கடமைக்காக எவரும் அவருக்குச் சலுகை வழங்கவுமில்லை. அவரை உத்தமர் என்று நாம் சொல்ல வரவில்லை. தராசில் அவர் விரல் எங்கே இருக்கிறது என்பதை ஊரார் அறிவர். ஆயினும், கேட்டவனுக்கு ஒரு விலை சொல்ல வேண்டும் என்ற அளவில் அவர் வணிகர்.

இனி, உலகப் பெருஞ்சந்தைகளின் வணிகரைப் பார்ப்போம். அவர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் ‘மார்க்கெட் மேக்கர்’, அதாவது சந்தை ஆக்குநர். அவரது திறமை முழுமையாக வெளிப்படுவது ஒப்ஷன் வாணிபத்திலே என்பர். ஒப்ஷன் என்பது யாது? ஒரு பொருளைக் குறித்த காலத்தில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தருகின்ற சீட்டு. ஹுன்னஸ்கிரியத் தோட்டக்காரர் ஒருவர், “மாசி மாதம் என் மிளகை இன்ன விலைக்கு உமக்கு விற்க எனக்கு உரிமை தாரும்; விலை ஏறினால் நான் வேறிடத்தில் விற்றுக்கொள்வேன்” என்று கூறி, அவ்வுரிமைக்கு முன்பணமும் கொடுப்பாராயின் அதுவே ஒப்ஷன். உரிமையை வாங்கியவர் விரும்பினால் பயன்படுத்தலாம், விற்றவரோ கட்டுண்டவர். இத்தகைய சீட்டுகள் ஒரே பங்கின்மீது வெவ்வேறு விலைகளிலும் வெவ்வேறு தவணைகளிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனைக்கும் ஓயாது ஒரு வாங்கும் விலையும் ஒரு விற்கும் விலையும் கூறி நிற்பதே சந்தை ஆக்குநரின் தொழில். இரண்டு விலைக்குமிடையேயுள்ள வித்தியாசம் அவரது வருவாய். இவ்வாறு நிற்பதாக அவர் ஒப்பந்தம் செய்வதனால் கட்டணக் குறைப்பும், சில இடங்களில் ஊக்கத்தொகையும் அவருக்குக் கிடைக்கின்றன.

பொறுப்புக்குச் சலுகை என்பது நியாயமான பேரமாகவே தோன்றும். ஆனால் அப்பொறுப்பின் வாசகத்தை நாம் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும். 2018 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சந்தை ஆக்குநர் வணிக நேரத்தில் பாதியளவுக்கு விலை கூறினால் போதும். மீதிப் பாதியில் அவர் உறங்கலாம். அந்தப் பாதியிலும் விதிவிலக்குகள் உண்டு. சந்தையின் பெரும்பகுதியில் விலைகள் தடுப்பு ஏற்பாடுகளை இயக்குமளவுக்குக் கொந்தளித்தால் கடமை இல்லை. போர் மூண்டால் இல்லை. உள்நாட்டுக் கலவரமோ இணையவழி நாசவேலையோ நேர்ந்தால் இல்லை. தொழிலாளர் வேலைநிறுத்தம் நேர்ந்தாலும் இல்லை! தொழிலாளி வேலையை நிறுத்தினால் அது கலகம்; அதைக் காரணங்காட்டி வணிகர் வேலையை நிறுத்தினால் அது விதி. இந்த வரிசையை எழுதிய அதிகாரிகளின் கை நடுங்கியிராது என்றே நாம் நம்புகிறோம்.

இவ்விதிவிலக்கு எழுதப்படாதிருந்த காலத்திலும் வணிகர் அதனை அறிந்திருந்தனர். 1987 ஒக்டோபர் 19ஆம் திகதி நியூயோர்க் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 508 புள்ளிகள், அதாவது 22.6 சதவீதம் வீழ்ந்தது. அன்று நாஸ்டாக் சந்தையில் தம் பங்குகளை விற்கத் தொலைபேசியில் அழைத்த சிறு முதலீட்டாளர்களுக்கு மணியோசை மட்டுமே கேட்டது. சந்தை ஆக்குநர் பலர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. மறு ஆண்டில், சிறு முதலீட்டாளரின் ஆணைகளைத் தானாகவே நிறைவேற்றும் இயந்திர ஏற்பாட்டில் அவர்கள் கட்டாயமாகப் பங்குகொள்ள வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. மனிதரின் வாக்குறுதியை நம்ப இயலாமையால் இயந்திரத்தை நம்பினர்.

இயந்திரமும் தன் எசமானனின் குணத்தைக் கற்றுக்கொண்டது. 2010 மே 6ஆம் திகதி பிற்பகலில் அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டபோது, அக்செஞ்சர் என்னும் பெருங்கொம்பனியின் பங்கு ஒரு சதத்துக்குக் கைமாறியது. வேறு சில பங்குகள் 100,000 டொலருக்குக் கைமாறின. எப்படி? விலை கூறியே தீரவேண்டும் என்ற விதியைச் சந்தை ஆக்குநர்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தனர். வாங்கும் விலை ஒரு சதம், விற்கும் விலை இலட்சம் டொலர் என்று எழுதிவைத்துவிட்டு அகன்றிருந்தனர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் பின்னர் செல்லாதவையாக்கப்பட்டன. அவ்வாறான போலி விலைகள் அவ்வாண்டு டிசெம்பரில் தடைசெய்யப்பட்டன. பசித்தவனுக்கு வெற்றிலையில் ஒரு பருக்கை வைத்து, விருந்து படைத்தோம் என்று கணக்கெழுதியவர்களின் கதை இது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். சரிந்துகொண்டே போகும் சந்தையில் ஒருவரை வாங்கியே தீரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தினால் அவர் மாலைக்குள் திவாலாவார். பிறகு மறுநாள் விலை கூற யாரிருப்பார் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1987இல் நின்று வாங்கியவர் சிலர் முதலிழந்ததும் மெய். ஆனால் நாம் கேட்பது வேறு. புயலில் ஓடம் விடமாட்டேன் என்பவர், அமைதியான நாள்களில் புயற்காலத்துக்கும் சேர்த்துக் கூலி வாங்கலாமா? ஆண்டெல்லாம் பெற்ற சலுகையின் பெறுமதி யாருடையது?

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள், நமக்கென்ன என்று வாசகர் எண்ணவேண்டாம். ஒப்ஷன் வாணிபம் இலங்கைக்கு வந்தது. வந்த வழியில் நம் பொதுப்பணத்தையும் மிதித்தது. 2007ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், எண்ணெய் விலையேற்றத்துக்கு எதிரான காப்பு என்று சொல்லப்பட்டதை நம்பி, சில வங்கிகளுடன் ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. முன்பணம் எதுவுமில்லாத காப்பு என்பதே அவற்றின் கவர்ச்சி. இலவசமாக எதையும் தராத வங்கிகள் இதை மட்டும் ஏன் இலவசமாகத் தந்தன? விலை ஏறினால் பணம் பெறும் உரிமையைக் கூட்டுத்தாபனம் வாங்கிற்று. அதற்கு ஈடாக, விலை இறங்கினால் பணம் கட்டும் கடமையை விற்றது. கட்டணமின்மையின் மர்மம் இதுவே.

டொய்ச் வங்கியுடனான ஒப்பந்தம் 2008 ஜூலை 8ஆம் திகதியது. எண்ணெய் பீப்பாய் ஒன்று 147 டொலரைத் தொட்டு உச்சமடைந்தது அதே வாரத்தில்தான். அவ்வொப்பந்தத்தின்படி, வங்கி மொத்தமாக 25 இலட்சம் டொலர் செலுத்தியதும் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். கூட்டுத்தாபனம் செலுத்தவேண்டியதற்கோ அத்தகைய எல்லை எதுவுமில்லை. டிசெம்பரில் எண்ணெய் 40 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. வெளியேறும் கதவைக் கையில் வைத்திருந்தவர் விலைகளின் நூலறிந்த வங்கியாளர். கதவில்லாத அறையில் நின்றது, பேருந்துப் பயணியினதும் மண்ணெண்ணெய் விளக்கேற்றுபவளினதும் பணத்தில் இயங்கிய நிறுவனம்.

பின்னர் நடந்தவை பொதுப் பதிவிலுள்ளன. நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. டிசெம்பரில் மத்திய வங்கியும் தடுத்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி லண்டன் நீதிமன்றத்துக்குச் சென்று 2011இல் 16 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்புப் பெற்றது. டொய்ச் வங்கிக்கு 6 கோடி டொலரும் வட்டியும் கொடுக்குமாறு சர்வதேச நடுவர் மன்றம் 2012இல் விதித்தது. சிற்றி வங்கியின் கோரிக்கை மட்டும் நடுவர்களால் நிராகரிக்கப்பட்டது. கூட்டுத்தாபனத்தில் கையொப்பமிட்டவர்களின் அறியாமையை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அறியாதவனிடம் கடமையை விலைக்கு வாங்கிக்கொண்டு தனக்கு மட்டும் எல்லை கட்டிக்கொண்டவனை, ‘இடர் முகாமை’யில் வல்லவன் என்று பாராட்டவும் நம்மால் முடியாது.

இனி 2022க்கு வருவோம். ஏப்ரல் மாதம் கொழும்புப் பங்குச் சந்தை ஒரு வாரம் மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது விலைகள் எல்லை மீறி வீழ்ந்தமையால் அன்றைய வணிகம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. குறியீடு குறித்த அளவு இறங்கினால் வணிகம் தானாக நிற்கும் ஏற்பாடு அங்கே உண்டு. பதற்றத்தில் விற்போர் சற்று மூச்சு விட்டுக்கொள்ள அது உதவுகிறது என்பர். நல்லது. ஆனால் அதே மாதங்களில் ஹுன்னஸ்கிரிய மலைகளில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அப்படியொரு நிறுத்தம் இருந்ததா?

அவளும் ஒரு விலை கூறி நிற்பவளே. தன் உழைப்பின் ஒரு நாளுக்கு 1,000 ரூபா என்பது 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் எழுதப்பட்ட விலை. டொலர் ஒன்று 200 ரூபாவாக இருந்தபோதும் அதே விலை. சில மாதங்களில் 360 ரூபாவாகியபோதும் அதே விலை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கு மேலும் தொட்டபோதும் அதே விலை. இதற்கு முன்னமே, 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து தேயிலைச் செடி வாடியிருந்தது. பதினெட்டுக் கிலோ என்ற நாளொன்றின் அளவை எட்டமுடியாதவளுக்கு விழுந்தது அரைப்பேர். செடி தரவில்லை என்பதற்கு அவள் எங்கே விதிவிலக்குக் கோருவாள்? காலைப் பிரட்டுக்கு வராதவளுக்குப் பேர் இல்லை. மழையென்றாலும் அட்டையென்றாலும் மலைக்குப் போகவேண்டும். கொந்தளிப்பு அவளது கடப்பாட்டை ஒரு நாளேனும் இடைநிறுத்தவில்லை.

அவளுடைய விலையை மாற்ற முயன்றபோது மாத்திரம் இடைநிறுத்தம் உடனே கிடைத்தது. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளியாயிற்று. தோட்டக் கொம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் தடையுத்தரவு வந்தது. செப்டெம்பரில் கிடைத்தது 1,350 ரூபா. தேயிலையின் விலை வாரந்தோறும் கொழும்பு ஏலத்தில் ஏறியிறங்குவதைச் சந்தையின் இயற்கை என்று ஏற்பவர்கள், உழைப்பின் விலை மூன்றரை ஆண்டுகள் அசையாமலிருந்ததையும் இயற்கை என்றே சொன்னார்கள்.

அவளது ஓய்வூதியச் சேமிப்பின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதி அரசாங்க முறிகளில் உள்ளது. அம்முறிச் சந்தையிலும் கடமைப்பட்ட விலை கூறுநர் உண்டு. முதனிலை வணிகர் என்று பெயர். அவர்களுள் ஒருவரான பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் 2015 பெப்ரவரிக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையில் முறையற்ற வகையில் 1,100 கோடி ரூபாவுக்கு மேல் ஈட்டியதாகவும், சேமலாப நிதி உள்ளிட்ட பொது நிறுவனங்கள் 850 கோடிக்கு மேல் இழந்ததாகவும் ஜனாதிபதி ஆணைக்குழு கண்டது. 2023 ஜூன் இறுதியிலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது வங்கிகள் விலக்களிக்கப்பட்டன. வங்கிகள் ஆடினால் நாடே ஆடும் என்பது காரணம். சேமலாப நிதியின் முறிகளோ குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன: 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9. மாற்ற இணங்காத நிதிகளின் வருமானத்துக்கு 14க்குப் பதில் 30 சதவீத வரி என்ற மிரட்டலும் உடனிருந்தது. இங்கே ‘விசேட சூழ்நிலை’ என்ற விலக்கு யாரிடம் சென்றது, யாரைத் தாண்டிச் சென்றது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

கொந்தளிப்பில் எவராலும் வாக்கைக் காக்க முடியாது என்பதும் பொய். 1884 மே மாதத்தில், கோப்பிச் செடியை இலைநோய் அழித்த பின்னர், ஓரியன்ரல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் தாள்கள் கண்டிச் சீமையெங்கும் நாணயமாகப் புழங்கின. அத்தாள்களுக்கு அரசாங்கம் பிணை நிற்கும் என்று அன்றைய தேசாதிபதி ஆதர் கோர்டன் அறிவித்தார். மறு ஆண்டில் அரசாங்கமே தாள் நாணயம் வெளியிட்டது. கோர்டன் கூலித் தொழிலாளரின் நண்பரல்லர்; தோட்ட முதலாளிகளின் ஆட்சியைத்தான் காத்தார். எனினும் கையில் தாளுடன் நின்றவனுக்கு ஒரு விலை சொன்னார்.

ஆகவே நம் கோரிக்கை சிறிது. கொழும்பிலே ஒப்ஷன் சந்தையும் சந்தை ஆக்குநரும் வேரூன்ற வேண்டும் என்போர், முதலில் விதிவிலக்குப் பந்தியை மக்கள் முன் வைக்கட்டும். அமைதிக் காலத்தில் ஊக்கத்தொகை பெறுபவர் அதில் ஒரு பங்கைப் புயற்காலப் பிணையாகக் கட்டிவைக்கட்டும். கதவடைத்த நாளன்று அப்பிணை பறிமுதலாகட்டும். கூறப்படும் விலைகளின் இடைவெளிக்கு, கொந்தளிப்பு நாளிலும் தாண்டவியலாத ஓர் எல்லை இருக்கட்டும். பொது நிறுவனம் எதுவும், எதிராளிக்கு எல்லையும் தனக்கு எல்லையின்மையும் உள்ள ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாகாது என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றட்டும். வாழ்க்கைச் செலவு குறித்த அளவு ஏறியதும் பங்குச் சந்தையின் தடுப்பைப் போலவே தானாக இயங்கி, தோட்ட ஊதியத்தை மறு மாதமே உயர்த்தும் ஏற்பாடும் சம்பளச் சபையின் விதிகளில் ஏறட்டும். சந்தைக்காக அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களுக்குக் கொழுந்துக்காரிக்காகப் போடத் தெரியாது என்றால் நாம் நம்பமாட்டோம்.