படி இருக்கும்போது ஐஸ் எதுக்கு?

1/ ஐஸ் தொட்டிக்குள்ள ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா டிப்ரஷன் ஓடிப்போயிடும்னு சொல்ற ரீல்ஸ் திருத்தணி வரைக்கும் வந்தாச்சு. "டாக்டர், மாத்திரையை நிறுத்திட்டு இதைப் பண்ணலாமா?"ன்னு கேட்கிறாங்க. கூடாது. ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதல்ல நியாயத்தைச் சொல்லிடுறேன். பச்சைத்தண்ணி மேல பட்டதும் ஒரு சுறுசுறுப்பு வருதே, அது பொய் இல்ல. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்களை 14 டிகிரி தண்ணீரில் கழுத்தளவு உட்கார வெச்சாங்க. ரத்தத்தில் நார்அட்ரினலின் 530 சதவீதம், டோபமின் 250 சதவீதம் கூடியது. ரீல்ஸ்காரங்க தூக்கிப் பிடிக்கிற நம்பர் இதுதான்.

3/ அவங்க சொல்லாத பாதி: அந்த இளைஞர்கள் உட்கார்ந்தது ஒரு மணி நேரம், ரெண்டு நிமிஷம் இல்ல. அவங்க மனச்சோர்வு நோயாளிகளும் இல்ல. அதைவிட முக்கியம், ரத்தத்தில் ஓடுற டோபமின் மூளைக்குள்ள நுழையவே முடியாது. நடுவுல தடுப்பு இருக்கு.

4/ 2025 ஜனவரியில் 11 ஆய்வுகளை, மொத்தம் 3,177 பேரை, தொகுத்துப் பார்த்தாங்க. எல்லாரும் ஆரோக்கியமானவங்க. குளிர்நீரில் மூழ்கி 12 மணி நேரம் கழிச்சு ஸ்ட்ரெஸ் குறைஞ்சிருந்தது. மனநிலையில் தெளிவான முன்னேற்றம் தெரியல. மாத்திரையை நிறுத்துற அளவுக்கு இதுல என்ன இருக்கு?

5/ இப்போ உடற்பயிற்சிக்கு வாங்க. 1999-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகம், மனச்சோர்வு உள்ள 156 பேரை மூணு குழுவா பிரிச்சது. ஒண்ணுக்கு உடற்பயிற்சி, ஒண்ணுக்கு செர்ட்ரலின் மாத்திரை, ஒண்ணுக்கு ரெண்டும். 16 வாரம் கழிச்சு மூணு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறியிருந்தது. ஆரம்பத்தில் சீக்கிரம் வேலை செஞ்சது மாத்திரை.

6/ 2024-ல் பி.எம்.ஜே. இதழில் 218 ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. 14,000 பேருக்கு மேல். நடை, மெதுஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைச்சது. எல்லா ஆய்வும் உயர்தரம் இல்லன்னு அதை எழுதினவங்களே ஒத்துக்கிறாங்க. ஆனாலும் ஐஸ் பக்கம் இருக்கிற ஆதாரத்தோட ஒப்பிட்டா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

7/ நம்ம ஊர்ல மலையே இருக்கு. முருகன் சினம் தணிஞ்ச இடம்கிறதாலதான் தணிகைன்னு பேர் வந்ததுன்னு சொல்லுவாங்க. வருஷத்துக்கு நாள் கணக்கா 365 படி. டிசம்பர் 31-ம் தேதி படித் திருவிழாவுக்கு ஒவ்வொரு படிக்கும் பூஜை பண்றோம். மத்த 364 நாளும் வண்டியில மேல போய் இறங்குறோம். பக்கத்துல இருக்கிற படியை விட்டுட்டு காசு கொடுத்து ஐஸ்ல உட்காரப் போறோம்!

8/ "சாமிக்கு மாலை போட்டு 48 நாள் விடியக்காலைல பச்சைத்தண்ணில குளிச்சேன், மனசு லேசா இருந்துச்சு"ன்னு சிலர் சொல்லுவாங்க. நிஜம்தான். ஆனா அந்த 48 நாள் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, நேரத்துக்கு எழுந்தாச்சு, தினமும் பஜனையில நாலு பேரைப் பார்த்தாச்சு. எல்லாப் பெருமையையும் தண்ணிக்கே கொடுத்தா எப்படி?

9/ ஐஸ் தொட்டி விளையாட்டும் இல்ல. திடீர்னு குளிர்ந்த தண்ணியில இறங்கினா நம்மை அறியாம மூச்சை உள்ள இழுப்போம், நாடித்துடிப்பும் பி.பி.யும் சட்டுனு ஏறும். இதய நோய், பி.பி. இருக்கிறவங்களுக்கு ஆபத்து. அந்த நேரம் முகம் தண்ணிக்குள்ள இருந்தா நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே மூழ்கலாம்.

10/ இந்த த்ரெட்டை வீட்ல இருக்கிற நோயாளி மேல வீசாதீங்க. "பார், டாக்டரே சொல்லிட்டார், எழுந்து நட, மாத்திரை எதுக்கு?" அப்படி நான் சொல்லவே இல்ல. தீவிர மனச்சோர்வில் பல் தேய்க்கப் போறதே மலை ஏறுற மாதிரி. அது சோம்பேறித்தனம் இல்ல, நோய். மாத்திரையும் ஆலோசனையும் முதல்ல அவரை எழுப்பி உட்கார வைக்கட்டும். அப்புறம் கூட ஒருத்தர் நடங்க. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். நோயும் திரும்பலாம். குறைக்கணும்னா டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான்.

11/ எங்க ஆளுங்களுக்கும் ஒண்ணு. "வாக்கிங் போங்க"ன்னு வாசல் வரைக்கும் போன நோயாளி முதுகைப் பார்த்து சொல்றது மருத்துவம் இல்ல. வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிஷம், யார் கூடன்னு சீட்டுல எழுதணும். அடுத்த தடவை வரும்போது மாத்திரையைக் கேட்கிற மாதிரி இதையும் கேட்கணும்.

12/ எப்படி ஆரம்பிக்கிறது? முதல் வாரம் தெருவுக்குள்ள 10 நிமிஷம் போதும். அப்புறம் வாரம் 5 நாள், 30 நிமிஷம். படி ஏறுறவங்க வெயிலுக்கு முன்னாடி ஏறுங்க. மூச்சு வாங்கினா உட்காருங்க. நெஞ்சு வலி, முட்டி வலி, கட்டுக்குள் வராத பி.பி. இருந்தா டாக்டரைப் பார்த்துட்டு ஏறுங்க. வந்து பச்சைத்தண்ணியில குளிக்கணும்னு தோணுச்சா, தாராளமா குளிங்க. அது குளியல், வைத்தியம் இல்ல.

13/ சாகணும்னு எண்ணம் வந்தா படியும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். உடனே 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசாங்க உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இந்தக் கடைசி ட்வீட்டை மட்டுமாவது நாலு பேருக்கு அனுப்புங்க.