பொதுக் கணினி யாருக்குப் பொது?

'ஊர்ப் பொதுக்கிணறு' என்ற சொல்லில் 'பொது' யாரைக் குறித்தது என்பது நம் பாட்டன் பாட்டிகளுக்குத் தெரியும். கணினிக்கும் அப்படியொரு வரலாறு உண்டு.

1960களின் தொடக்கத்தில் கணினியை நிபுணர்கள் மட்டுமே தொட முடிந்தது. மற்றவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் இதை மாற்றினார்கள். ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறையை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். புதியவர்களும் எளிதில் கற்க 'பேசிக்' என்ற நிரல்மொழியையும் அமைத்தார்கள். 1964 மே 1 அதிகாலையில் அது இயங்கியது. நூலக அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதுபோல, எந்தத் துறை மாணவரும் கட்டணமின்றிக் கணினியைப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களது கொள்கை.

ஆனால் அந்த அறைக்கு முன்னால் கல்லூரி வாசல் என்று ஒன்று இருந்தது. டார்ட்மவுத் அப்போது ஆண்கள் கல்லூரி. பழங்குடியினரின் கல்வியையும் நோக்கமாகச் சொல்லி 1769இல் தொடங்கப்பட்ட அங்கே, முதல் 200 ஆண்டுகளில் பட்டம் பெற்ற பழங்குடியினர் 20 பேர்கூட இல்லை. 1970இல் கல்லூரித் தலைவரான கெமனி, பழங்குடி மாணவர்களைச் சேர்க்க உறுதியேற்றார். 1972இல் பெண்களுக்கும் வாசல் திறந்தது. கணினி அறையைத் திறந்தால் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. சேரியில் வரி கட்டும் குடும்பமும் அதைக் கட்டுகிறது. ஆகவே நூலகக் கணினி யாரும் போடும் பிச்சை அல்ல.

இன்று கல்வி உதவித்தொகைக்கும் தேர்வாணையத் தேர்வுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனியார் கடையில் காசு கொடுக்கிறது. கடைசி நாளில் ஒரு சான்றிதழைப் பதிவேற்ற முடியாமல் போனால் ஓராண்டுப் படிப்பே கேள்விக்குறியாகிறது. கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். அதில் படம் பார்க்கலாம்; நிரல் எழுதிப் பழக முடியுமா?

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். கணினி இருக்கிறதா, இயங்குகிறதா, எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். அந்த விவரத்தை வாசலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் மனுக் கொடுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.