படிக்கட்டின் கீழ் தூங்கும் சைக்கிள்

எங்கள் நெமிலிச்சேரியில் காலை ஏழரை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் இது. (குரோம்பேட்டைப் பக்கம் இன்னொரு நெமிலிச்சேரி உண்டு. நான் சொல்வது அது அல்ல.) மின்சார ரயிலைப் பிடிக்க ஊரே விரைந்துகொண்டிருக்கும். ஆண்கள் மோட்டார் சைக்கிளில் பறப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாகச் சைக்கிளில் போவார்கள். அந்தப் பெண்களின் தாய்மார்கள் மட்டும் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குடை, முகமெல்லாம் வியர்வை என்று நடந்து வருவார்கள்!

ஏன், தாய்மார்களுக்குச் சைக்கிள் விடத் தெரியாதா? பேஷாகத் தெரியும். பதினோராம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்தச் சைக்கிள் இப்போது எங்கே? மாடிப் படிக்கட்டின் கீழே சாக்குப் பைக்கும் பழைய வாளிக்கும் நடுவில் தூங்குகிறது. ஹாண்டில் பாரில் ஈரத் துண்டு உலர்கிறது.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் அப்படித் தூங்க விடாதவள். ஆவடியில் தையல் வேலை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷத்தில் சைக்கிளில் போய்விடுவாள். போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். பாயசம் குடித்துவிட்டு வெளியே வந்தால் சைக்கிளைக் காணோம்.

"பூட்டித்தான் வைத்தேன், அக்கா! இதோ பாருங்கள், சாவிகூட என் பர்ஸிலேயே இருக்கிறது!" என்று அழுதாள்.

சாவி இருந்து என்ன பிரயோஜனம்? மறுநாள் முதல் காலையில் அரை மணி, இரவில் அரை மணி நடை. வாரத்தில் இரண்டு நாள் ரயில் தப்பியது. மேஸ்திரி முகம் சுளித்தார். கடைசியில் வீட்டுக்காரரே, "இவ்வளவு கஷ்டப்பட்டு வேலைக்குப் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். பார்த்தீர்களா? திருடன் கொண்டு போனது ஒரு சைக்கிள். கூடவே ஒரு பெண்ணின் சம்பளத்தையும் அல்லவா கொண்டு போகப் பார்த்தான்!

நம் பெண்களைச் சைக்கிளிலிருந்து இறக்கி வைப்பவை மூன்று பயங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பைப் பற்றிய பயம், திருட்டைப் பற்றிய பயம், வெயில் மழையைப் பற்றிய பயம். மூன்றுக்கும் மருந்து உண்டு. பெரிய செலவும் இல்லை.

முதலில் உடம்பு. "மிதித்தால் முழங்கால் வலிக்கிறது" என்று சொல்லாதவர்கள் குறைவு. அநேகமாகத் தப்பு முழங்காலில் இல்லை, ஸீட்டில்தான் இருக்கிறது. பயத்தினால் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி ஸீட்டைத் தாழ்த்தி வைத்துவிடுகிறோம். பிறகு மிதிக்கிறபோதெல்லாம் முழங்கால் மார்பை நோக்கி மடங்குகிறது. வலிக்காமல் என்ன செய்யும்? சுவரைப் பிடித்துக்கொண்டு ஸீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நிமிர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். வாரத்துக்கு அரை அங்குலமாக ஏற்றுங்கள், பயம் தெரியாது.

அடுத்தது உடை. 1894-ம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலிருந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஆனி லண்டன்டெரி என்ற பெண்மணி, கப்பலும் சைக்கிளுமாக உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பினார். புறப்படும்போது நீண்ட பாவாடையும் 42 பவுண்டு சைக்கிளும். கொஞ்ச தூரம் போனதுமே இரண்டும் உதவாது என்று கண்டுகொண்டார். பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார், உடையையும் மாற்றிக்கொண்டார். மறு வருஷம் திரும்பியும் வந்துவிட்டார்.

நாம் உலகத்தைச் சுற்ற வேண்டாம், ஸ்டேஷனுக்குப் போனால் போதும். புடவையோ சுடிதாரோ, எதைக் கட்டினாலும் தொங்குகிற நுனி எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். நாட்டிய உலகத்தில் பெரும் புகழ் பெற்ற இஸடோரா டங்கன் 1927-ல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் இறந்தது எப்படித் தெரியுமா? கழுத்தில் சுற்றியிருந்த நீளத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கித்தான். நம் ஊரில் துப்பட்டாக்கள் இன்றைக்கும் அதே காரியத்தைச் செய்கின்றன. சைக்கிள் வாங்கும்போது செயினை முழுக்க மூடும் கவரும், பின்சக்கரத்துக்குப் புடவைத் தடுப்பும் கேட்டு வாங்குங்கள். அழகுக்காக அதைக் கழற்றிப் போடாதீர்கள்.

தலைக்கு ஹெல்மெட்? சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை நம் ஊர் வழியாகத்தானே போகிறது? அந்தப் பக்கம் லாரிகள் வருகிற வேகத்தைப் பார்த்தவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி சாய்ந்திருந்தால் நெற்றியைக் காப்பாற்றாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடியும் போடாதீர்கள். உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. இருட்டில் வருகிறவர்களுக்கு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இது நாம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, நம்மைப் பிறர் பார்ப்பதற்கு.

வண்டியைப் பராமரிப்பது ஒன்றும் பிரமாதமில்லை. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று எண் போட்டிருக்கும். கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லி வாரம் ஒரு தரம் அடிக்கச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்த வண்டியை மிதிப்பது மணலில் நடப்பது மாதிரி. செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் கூந்தலுக்கு உத்தமம், செயினுக்கு ஆகாது. புழுதியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்!

இனித் திருட்டு. எதிர்வீட்டுப் பெண் பூட்டினாள் என்பது வாஸ்தவம். எதைப் பூட்டினாள்? பின்சக்கரத்து வளையப் பூட்டை. அந்தப் பூட்டு சைக்கிளை உருளவிடாமல் தடுக்கும். தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. ஒரு குட்டி வேனில் ஏற்ற இரண்டு ஆள், அரை நிமிஷம். ஆகையால் வளையப் பூட்டோடு இன்னொன்றும் வேண்டும். சைக்கிளின் உடல் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பத்தோடோ கம்பிவேலியோடோ பிணைக்கிற கெட்டிச் சங்கிலி, அல்லது 'யூ' வடிவ இரும்புப் பூட்டு. மெல்லிய கம்பிவடப் பூட்டு பார்வைக்கு அழகாயிருக்கும். கட்டிங் பிளேயருக்கு அது கீரைத்தண்டு.

பிணைக்கிற கம்பத்தையும் பாருங்கள். நட்ட கம்பம் குட்டையாக இருந்தால் சைக்கிளோடு மேலே உருவிவிடுவான். பூட்டு தரையில் படாமல் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். தரையில் கிடந்தால் கல்லை வைத்து அடிப்பது சுலபம். நிறுத்துகிற இடம் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ளதாக இருக்கட்டும். ஒதுக்குப்புறத்து நிழல் உங்களுக்கு மட்டுமா சௌகரியம்? திருடனுக்கும்தான்!

இன்னொரு சங்கதி. நகையின் எடையும் பாத்திரத்தில் வெட்டின பேரும் நமக்கு மனப்பாடம். சைக்கிளின் எண் தெரியுமா? அநேகமாகப் பெடல்கள் சேருகிற இடத்தின் அடியில், அல்லது ஸீட்டுக்குக் கீழே, சட்டத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக் கோலமாவு தடவிப் படித்து, பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். போனில் சைக்கிளையும் எண்ணையும் படம் பிடித்து வையுங்கள். "கறுப்பு நிறச் சைக்கிள், மணி இருக்கும்" என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால், ஊரில் கறுப்புச் சைக்கிள் எத்தனை? இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒன்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது பயம் வானத்தைப் பற்றியது. கத்திரி வெயிலில் நடுப்பகல் சவாரி கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பள்ளமும் சாக்கடையும் ஒன்றாகத் தெரியும்போது வண்டி எடுக்கவே கூடாது. ஆனால் அந்த இரண்டு மாதமும் சும்மா இருந்தால் கால் மறந்துவிடும். பிறகு தை பிறந்தாலும் சைக்கிள் பிறக்காது!

இதற்குத்தான் வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற ஏற்பாடு. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஓர் உருளையின்மேல் அழுத்திச் சுற்றவிடும் ஸ்டாண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. ட்ரெயினர் என்கிறார்கள். உங்கள் சைக்கிளே அதில் ஏறிக்கொள்ளும். டயர் சீக்கிரம் தேயும், அதனால் பழைய டயரை மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். பழைய சைக்கிளின் இரட்டைக்கால் ஸ்டாண்டைப் போட்டு அதன்மேல் ஏறி மிதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது வண்டியை நிறுத்தி வைக்க ஏற்பட்டது. ஆள் ஏறி ஆட்டினால் சரியும். பாரமில்லாமல் சும்மா சுற்றும் சக்கரத்தால் உடம்புக்கும் லாபமில்லை.

எப்படி மிதிப்பது? முதல் ஐந்து நிமிஷம் மெதுவாக. பிறகு ஒரு நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் நிதானம் என்று ஐந்து முறை. கடைசி ஐந்து நிமிஷம் மறுபடியும் மெதுவாக. ஆக 25 நிமிஷம், ஒரு குக்கர் சாதமும் சாம்பாரும் ஆகிற நேரம். நிதானமாக மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிஷமாவது இப்படி மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு நாள் மிதித்தால் கணக்கு சரியாகப் போய்விடும். மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். முடித்ததும் சைக்கிள் மேல் சிந்தின வியர்வையைத் துடையுங்கள், உப்பு இரும்பை அரித்துவிடும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மிக முக்கியம்: சக்கரம் சுற்றும்போது குழந்தைகளை அருகே விடாதீர்கள். சின்ன விரல்களுக்குச் சுற்றுகிற கம்பியும் செயினும் எமன்.

"இத்தனை வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது கேட்டால் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வயலில் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992-ம் வருஷ மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பினவர்களும் உண்டு! நமக்கோ 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கிய அம்பத்தூர், இதே ரயில் பாதையில் ஆறாவது ஸ்டேஷன். சைக்கிள் பிறந்த சீமையில் இருந்துகொண்டு நாம் நடந்து போகலாமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டின் கீழே போங்கள். ஈரத் துண்டை எடுத்துவிட்டு ஸீட்டை ஏற்றிப் பாருங்கள், காற்றடியுங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள். விடியற்காலையில் தெரு காலியாக இருக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வீட்டிலே பெண் இருந்தால் அவளைப் பின்னால் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவளுக்கு நீங்கள் பிடித்தீர்களே, இப்போது அவள் முறை.

எதிர்வீட்டுப் பெண் என்ன ஆனாள் என்கிறீர்களா? சீட்டுப் பணத்தில் இரண்டாம் கைச் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டாள். கெட்டிச் சங்கிலியும் வாங்கிவிட்டாள். வேலையை விடும் பேச்சு வீட்டில் இப்போது கிடையாது. நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். திருட்டுப் போன சைக்கிளின் சாவி அடுக்களை ஆணியில் தொங்குகிறது.

"இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும், அக்கா. அவசரத்தில் சங்கிலி எடுக்காமல் கிளம்பினால், அது என்னைப் பார்த்து முறைக்கிறது!" என்றாள்.